இன்ஜின் 'டமால்' என்றால் என்ன செய்வார்கள்? புறப்பாட்டைப் பாதியில் கைவிடுவது பற்றிய முழுமையான வழிகாட்டி

2015 செப்டம்பர் 8, லாஸ் வேகாஸ். லண்டன் கேட்விக் போக வேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2276, போயிங் 777. உள்ளே 157 பயணிகள், 13 ஊழியர்கள். ஓடுபாதையில் வேகமெடுத்து மணிக்கு 140 கிலோமீட்டரை ஒட்டி வரும்போது இடது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் ஒரு பகுதி உடைந்து, இன்ஜின் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பெரிய சத்தம், உடனே தீ. அடுத்த சில விநாடிகளுக்குள் கேப்டன் நிறுத்த முடிவெடுத்தார், விமானமும் ஓடுபாதையிலேயே நின்றது. இது வரைக்கும் பாடப்புத்தகம்.

சொதப்பல் அதற்கு அப்புறம்தான். எல்லாரும் வெளியேறுங்கள் என்று முடிவான பிறகும், ஒரு குறையும் இல்லாத வலது இன்ஜின் சுமார் 43 விநாடிகள் ஓடிக்கொண்டே இருந்தது. தீ இடது பக்கம் என்பதால் ஜனங்களுக்கு வலது பக்கக் கதவுகள் மிக முக்கியம். அந்தப் பக்கத்துக் கதவுகளிலிருந்து இறங்க விரியும் சில அவசரச் சறுக்குகளை இன்ஜின் காற்று அலைக்கழித்தது. உயிர்ச்சேதம் இல்லை. 20 பேருக்குக் காயம், அதில் ஒருவருக்குப் பலமான காயம்.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும் பலரும் 'வி-1', 'வி-1' என்று, அதாவது நிறுத்துவதானால் எந்த வேகத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற அந்த ஒரு எண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடுகிற விமானத்தை நிறுத்துவதில் பாதி வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, மீதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் அடித்துப் பழகிய கைகள் செய்கின்றன. சக்கரம் நின்ற அடுத்த ஒன்றரை நிமிடம்தான் உண்மையான பரீட்சை. அதனால் இந்த வழிகாட்டியில் நின்ற பிறகு நடப்பதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பயப்பட வைப்பதற்காக எழுதவில்லை. சிமுலேட்டர் விளையாட்டு ஆடுகிறவர்கள், விமானியாகப் படிக்கிறவர்கள், சன்னல் ஓரம் உட்கார்ந்து இறக்கையையே பார்த்துக்கொண்டு போகிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

இது எவ்வளவு அபூர்வம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத் தயாரிப்பாளர்களும் விமான நிறுவனங்களும் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து 1990-களில் தயாரித்த பயிற்சிக் கையேடு ஒன்று இருக்கிறது. அதன் கணக்குப்படி, ஏறக்குறைய 3000 புறப்பாடுகளில் ஒன்றுதான் பாதியில் கைவிடப்படுகிறது, அதிலும் முக்கால்வாசி 80 நாட் வேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 120 நாட்டுக்கு மேல் நடப்பது நூற்றுக்கு இரண்டுதான். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். வருடத்துக்கு 80 முறை மட்டும் புறப்படுகிற நெடுந்தூர விமானி ஒருவர் 3000-த்தை எட்ட 37 வருடம் ஆகும், அதாவது ஓய்வு பெறும் வரை ஒருமுறைகூடப் பார்க்காமல் போகலாம். ஆனால் அவருடைய கை ஒவ்வொரு புறப்பாட்டிலும் அதற்குத் தயாராக இருந்தாக வேண்டும்.

முதல் படி: இன்ஜின் ஓடுவதற்கு முன்பே போடுகிற கணக்கு

புறப்படுவதற்கு முன் விமானிகள் மூன்று வேகங்களைக் கணக்கிட்டுக் கணினியில் ஏற்றுகிறார்கள். இரண்டாவது வேகம் மூக்கைத் தூக்குவதற்கு, மூன்றாவது ஒரு இன்ஜின் போனாலும் பாதுகாப்பாக மேலேறுவதற்கு. நம் கதைக்கு முதல் வேகம் போதும், அதுதான் வி-1.

வி-1 என்றால் 'முடிவெடுக்கும் வேகம்' என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது பாதிதான் சரி. வி-1 வரும்போது உட்கார்ந்து யோசிக்கக் கூடாது; நிறுத்துவதற்கான முதல் செயலை, அதாவது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவரைப் பின்னால் இழுப்பதை, அந்த வேகத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். முடிவு அதற்கும் முன்பே மனதில் விழுந்திருக்க வேண்டும். அதனால்தான் 'வி-1' என்று சொல்லும் விமானி, வேகம் அந்த எண்ணைத் தொடும்போது சொல்லி முடித்திருக்கும்படி ஒரு துளி முன்னாலேயே வாயைத் திறக்கிறார்.

இந்த எண் எடை, வெப்பநிலை, காற்று, ஓடுபாதையின் நீளம், ஈரம் எல்லாவற்றையும் பொறுத்து ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் மாறும். காய்ந்த ஓடுபாதைக்கான கணக்கில் இன்ஜினின் எதிர்விசையை, அதாவது ரிவர்ஸ் த்ரஸ்டை, சேர்ப்பதில்லை; சக்கர பிரேக்கும் இறக்கைமேல் எழும் ஸ்பாய்லர்களும் மட்டுமே நிறுத்தியாக வேண்டும், ரிவர்ஸ் அதற்கு மேல் கிடைக்கிற கொசுறு. ஈரமான ஓடுபாதைக்கு அப்படி இல்லை, அங்கே ரிவர்ஸையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது, வி-1-ஐயும் கொஞ்சம் குறைத்துவிடுவார்கள்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80 நாட்டில் நிறுத்துவதைவிட 140 நாட்டில் நிறுத்த மூன்று மடங்குக்கு மேல் ஆற்றலைத் தின்ன வேண்டும். 140 நாட் என்றால் விநாடிக்கு 72 மீட்டர். 'என்ன சத்தம் அது?' என்று ஒரு விநாடி திகைத்தாலே எழுபது மீட்டர் போச்சு.

இரண்டாம் படி: பேச்சு

ஓடுபாதைக்குப் போவதற்கு முன் இரண்டு விமானிகளும் சுருக்கமாகப் பேசிக்கொள்வார்கள். இதைச் சடங்கு மாதிரி ஒப்பிக்கிறவர்களும் உண்டு. நல்ல விமானி அன்றைக்கு அந்த ஓடுபாதைக்கு எது பொருந்துமோ அதைப் பேசுவார்: நீளம் எவ்வளவு மிச்சம், காற்று எந்தப் பக்கம், ஈரமா, கடைசியில் என்ன இருக்கிறது. யார் ஓட்டினாலும் சரி, நிறுத்துவது என்ற முடிவு பெரும்பாலான நிறுவனங்களில் கேப்டனுடையது. துணை விமானி ஓட்டும் முறை என்றால்கூட, புறப்பாட்டு விசை வைத்த கணத்திலிருந்து வி-1 வரை லீவர்கள்மேல் இருப்பது கேப்டனின் கை. வி-1 சொன்னதும் அந்தக் கை எடுக்கப்படும். இனிமேல் இழுக்கும் ஆசையே வரக் கூடாது என்பதற்காகத்தான்.

சொல்லும் சொல்லும் ஒன்றுதான்: 'ஸ்டாப்' அல்லது 'ரிஜெக்ட்', நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். துணை விமானி கோளாறைப் பார்த்தால் அதன் பெயரைச் சொல்வார், 'இன்ஜின் ஃபெயிலியர்', 'இன்ஜின் ஃபயர்' என்று. 'ஐயோ, அது என்ன' என்பதெல்லாம் கூடாது.

மூன்றாம் படி: 80 நாட் வரை, எதற்கும் நிறுத்தலாம்

போயிங்கில் இந்தக் கோடு 80 நாட், ஏர்பஸ்ஸில் 100. அதற்குக் கீழே குறைந்த வேகப் பகுதி. எச்சரிக்கை விளக்கு, விநோதமான சத்தம், அதிர்வு, டயர் சந்தேகம், வேகம் மெதுவாக ஏறுவது, பக்கச் சன்னல் திறந்துகொள்வது, எதுவாக இருந்தாலும் தயங்காமல் நிறுத்தலாம். இழப்பு கொஞ்சம் நேரம் மட்டும்தான்.

அந்த எல்லையில் கண்காணிக்கும் விமானி 'எய்ட்டி நாட்ஸ்' என்று உரக்கச் சொல்வார், ஓட்டுகிறவர் 'செக்ட்' என்று பதில் தருவார். இந்த ஒரு வரியில் மூன்று வேலை நடக்கிறது. இரண்டு பக்க வேகமானியும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டாயிற்று. ஆட்டம் மாறிவிட்டது, இனிமேல் சின்ன விஷயத்துக்கு நிறுத்த மாட்டோம் என்று இருவருக்கும் தெரிந்தாயிற்று. மூன்றாவது, பதில் வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் நினைவோடு இருக்கிறாரா என்று சந்தேகப்பட வேண்டும்.

நான்காம் படி: 80-க்கும் வி-1-க்கும் நடுவே

இங்கே பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். போயிங்கில் நான்குதான்: தீ அல்லது தீ எச்சரிக்கை, இன்ஜின் செயலிழப்பு, முன்னால் காற்று வெட்டு (காற்றின் வேகமோ திசையோ திடீரென்று மாறுவது) இருப்பதாக வரும் எச்சரிக்கை, விமானம் பறக்க முடியாத அல்லது பறப்பது ஆபத்தான நிலை. ஏர்பஸ்ஸிலும் கருத்து இதேதான், வரிகள்தான் வேறு. இந்த வேகத்தில் விமானியைத் திசைதிருப்பக் கூடாது என்பதற்காகவே பல சில்லறை எச்சரிக்கைகளைக் கணினி தானாகவே அமுக்கி வைத்து, மேலேறிய பிறகுதான் காட்டும்.

ஏன் இவ்வளவு கறார்? அதே கையேடு, ஓடுபாதை தாண்டிய பழைய விபத்துகள் 74-ஐ அலசியது. பாதிக்கு மேல், 58 சதவீதம், வி-1 தாண்டிய பிறகு நிறுத்த முயன்றவை. 55 சதவீதம், நிறுத்தாமல் பறந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. இன்ஜின் கோளாறில் தொடங்கியவை மொத்தத்தில் கால்வாசிதான், மற்றவற்றில் டயர் வெடிப்பும் வேறு சில்லறைக் காரணங்களும். இரட்டை இன்ஜின் விமானம் ஒரு இன்ஜினோடு மேலேறிக் காட்டிய பிறகுதான் அதற்குச் சான்றிதழே கிடைக்கும். அதனால் கோளாறோடு வானத்தில் இருப்பது பல நேரம் தரையில் மிச்சமிருக்கும் ஐந்நூறு மீட்டரைவிடப் பாதுகாப்பானது. பயணிகளாகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும், தரைதானே பத்திரம் என்று.

ஐந்தாம் படி: சத்தம் கேட்ட அந்தக் கணம்

இன்ஜின் கோளாறு என்றால் எல்லாம் வெடித்துத் தெறிப்பது இல்லை. அடிக்கடி பேசப்படுவது சர்ஜ்: கம்ப்ரஸருக்குள் காற்றோட்டம் குலைந்து பின்னோக்கிப் பாய்வது. பறவை உள்ளே போனாலோ பிளேடு சேதமானாலோ வரும். பக்கத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம், சில நேரம் வரிசையாக, இன்ஜினின் முன்னாலும் பின்னாலும் நெருப்பு நாக்கு, உடம்பு குலுங்கும் அதிர்வு. 1998-இல் இந்த மாதிரி சம்பவங்களை ஆராய்ந்த அமெரிக்க, ஐரோப்பியத் தொழில்துறைக் குழு ஒன்று கண்டது, பல விமானிகள் அந்தச் சத்தத்தைச் சிமுலேட்டரில் கேட்டதே இல்லை என்பது. முதல்முறை நிஜத்தில் கேட்டால் விமானமே உடைந்துவிட்டது என்று கை தானாக லீவரை இழுத்துவிடும், வேகம் என்ன என்று பார்க்காமல்.

பிரஸ்ஸல்ஸில் 2008 மே 25 அன்று நடந்ததைப் பாருங்கள். கலிட்டா ஏர் சரக்கு விமானம், பழைய போயிங் 747, நான்கு இன்ஜின். ஒரு சின்ன வல்லூறு ஒரு இன்ஜினுக்குள் போய் 'டமால்' என்றது. வி-1 தாண்டி 12 நாட் போன பிறகு நிறுத்த ஆரம்பித்தார்கள். ஓடுபாதை போதவில்லை, விமானம் தாண்டி ஓடி மூன்று துண்டானது. உள்ளே இருந்த ஐந்து பேரும் பிழைத்தார்கள். நிறுத்தும் கருவிகளை முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்றும் விசாரணை சொன்னது. மீதி மூன்று இன்ஜின்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

இன்ஜின் நின்றுபோனால் சத்தத்தைவிட நம்பகமான அறிகுறி மூக்கு ஒரு பக்கம் இழுப்பது. ஓட்டுகிறவரின் கால் முதலில் அதைச் சரிசெய்யும். எந்த இன்ஜின், என்ன கோளாறு, ஏன் என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம். வேகம் வி-1-க்குக் கீழே இருக்கிறதா, தீயோ விசை இழப்போ உண்டா, இது இரண்டும் தெரிந்தால் போதும்.

ஆறாம் படி: கையும் காலும்

'ரிஜெக்ட்' என்ற சொல்லோடு இரண்டு லீவர்களும் பின்னால் போகும். லீவரைத் தானாக நகர்த்தும் ஆட்டோத்ராட்டில் துண்டிக்கப்படும், இல்லாவிட்டால் அது மறுபடியும் லீவரை முன்னால் தள்ளும். பிரேக் முழு அழுத்தம். புறப்படும் முன்பே தானியங்கி பிரேக்கை அதற்கான நிலையில் வைத்திருப்பார்கள். லீவர் பின்னால் வந்ததும் அதுவே முழு பலத்தில் பிடிக்கும், எந்த மனிதக் காலையும் விடச் சீராக. ஆனால் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அது வேலை செய்யாது. போயிங் 737-இல் 90 நாட், 777-இல் 85. ஒரே நடைபாதை கொண்ட ஏர்பஸ் குறுகிய உடல் விமானங்களில் 72 நாட்டுக்குக் கீழே ஸ்பாய்லர் தானாக எழாது, ஸ்பாய்லர் எழாவிட்டால் தானியங்கி பிரேக்கும் வராது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள்: 75 நாட்டில் லீவரை இழுத்துவிட்டு, 737 தானாக நிற்கும் என்று காத்திருப்பார்கள். அது நிதானமாக உருண்டுகொண்டே போகும். காலால்தான் அழுத்த வேண்டும்.

அடுத்து ஸ்பாய்லர். இறக்கையின் தூக்குவிசையைக் கொன்று எடையைச் சக்கரத்தில் இறக்கினால்தான் பிரேக்குக்குப் பிடிமானம். அப்புறம் ரிவர்ஸ், முழுசாக. கண்காணிக்கும் விமானி ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்வார், ஸ்பாய்லர் எழுந்ததா, ரிவர்ஸ் இரண்டும் வந்ததா, பிரேக் பிடிக்கிறதா என்று. எழாதது எதுவோ அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ஒரு வரி: நிறுத்துகிறோம். வேகம் 60 நாட்டுக்கு இறங்கியதும் அதைச் சொல்லி ஒரு குரல். நிற்பது உறுதியாகும் வரை பிரேக்கை விடக் கூடாது. 'மிச்ச ஓடுபாதை நிறைய இருக்கிறதே, பயணிகளுக்குக் குலுக்காமல் மெதுவாக நிறுத்தலாம்' என்ற இரக்கம்தான் இங்கே எதிரி.

அந்த இரக்கத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1985 ஆகஸ்ட் 22, மான்செஸ்டர். பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் போயிங் 737, கோர்ஃபு தீவுக்குச் சுற்றுலா போகிற 131 பயணிகள், 6 ஊழியர்கள். 126 நாட்டில் ஒரு 'தட்'. டயர் வெடித்தது என்று நினைத்தார்கள். கேப்டன் நிறுத்தினார், சரியான முடிவு. துணை விமானி பிரேக்கை பலமாக அழுத்த, டயர் போயிருந்தால் மோசமாகும் என்று கேப்டன் அதைத் தளர்த்தச் சொன்னார். உண்மையில் இடது இன்ஜினின் எரியறை ஒன்று பிளந்து அதன் துண்டு இறக்கையடி எரிபொருள் தொட்டியின் மூடியை உடைத்திருந்தது. கொட்டிய எரிபொருளில் தீ. அந்தத் தகவல் காக்பிட்டுக்குச் சில விநாடிகள் கழித்துத்தான் வந்தது. விமானம் ஓடுபாதையை விட்டு வலது பக்க இணைப்புப் பாதையில் திரும்பி நின்றது. லேசான காற்றுதான், ஆனால் திரும்பி நின்ற அந்தக் கோணத்தில் அது இடது பக்கத் தீயை நேராக உடல் மீது அடித்தது. 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். விமானம் மோதவும் இல்லை, ஓடுபாதை தாண்டவும் இல்லை.

இன்றைக்கு விமானத்தின் தரையில் மின்னும் வழிகாட்டி விளக்குகள், தீயில் சீக்கிரம் பற்றாத இருக்கை உறைகள், இறக்கைமேல் கதவுக்கு அருகே அகலமான வழி ஆகியவை இவ்வளவு பரவலாக வந்ததில் மான்செஸ்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏழாம் படி: நின்றாயிற்று. இப்போது?

பார்க்கிங் பிரேக். ஓடுபாதையிலேயே. 'ஓடுபாதையை அடைத்துக்கொண்டிருக்கிறோமே, காலி செய்து கொடுப்போம்' என்ற நாகரிகம் இன்ஜின் தீயில் கூடாது. காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள், நினைவில் இருந்தே சொல்லத் தெரிய வேண்டும், முதல் பேச்சில் அதனால்தான் அதைச் சேர்த்தோம். கேபினுக்கு ஒரு அறிவிப்பு. ஏர்பஸ் முறையில் 'கவனம், ஊழியர்கள் தங்கள் இடத்தில்' என்ற பொருளில் ஒரு வரி. அதன் அர்த்தம், வெளியேறத் தயாராக இருங்கள், இன்னும் கதவைத் திறக்காதீர்கள். இந்த வரி சொல்லப்படவில்லை என்றால் கேபினில் இருக்கும் ஊழியர்கள் புகையைப் பார்த்துத் தாங்களாகவே முடிவெடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சிகாகோ ஓஹேர், 2016 அக்டோபர் 28. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 383, போயிங் 767, மயாமிக்கு. 161 பயணிகள், 9 ஊழியர்கள். 128 நாட்டில் வலது இன்ஜினின் டர்பைன் வட்டு ஒன்று உடைந்து பறந்தது, ஒரு துண்டு சுமார் 2900 அடி தள்ளியிருந்த ஒரு கிடங்கின் கூரையைத் துளைத்து உள்ளே விழுந்தது. வி-1 134 நாட். கேப்டன் உடனே நிறுத்தினார், விமானம் வேகமிழப்பதற்குள் அந்த 134-ஐயே தொட்டுவிட்டது. அவ்வளவு நெருக்கம். நிறுத்தலில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நின்றதும் காக்பிட்டில் இன்ஜின் தீக்கான சரிபார்ப்புப் பட்டியலை எடுத்தார்கள். அந்தப் பட்டியல் தரையா வானமா என்று பிரித்துப் பார்க்காமல் எழுதப்பட்டது. இன்ஜினுக்குள் தீயணைப்பு மருந்தை விடும் பாட்டிலை அடித்த பிறகு 30 விநாடி காத்திரு என்கிற மாதிரி வானத்துக்குப் பொருந்தும் படிகள் அதில் இருந்தன. இடது இன்ஜினை நிறுத்தும் படி வேறொரு பட்டியலில், வெளியேற்றப் பட்டியலில். இதற்குள் கேபினில் சன்னலெல்லாம் தீ, இருக்கையில் ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள். ஊழியர்கள் காக்பிட்டோடு பேச தொலைபேசியை எடுத்தார்கள், அந்த விமானத்தில் இருந்த மாதிரியில் எந்தப் பொத்தான் என்று பிடிபடவில்லை. அவர்கள் கதவைத் திறந்தார்கள். இடது இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இறங்கிய ஒரு பயணியை அதன் காற்று தூக்கி எறிந்தது. அந்த விபத்தில் பலமாகக் காயப்பட்டது அவர் ஒருவர்தான்.

லாஸ் வேகாஸையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு விமானம், வேறு நிறுவனம், ஒரு வருட இடைவெளி. அதே சிக்கல்: கெட்ட இன்ஜின்மேல் எல்லார் கண்ணும் இருக்க, நல்ல இன்ஜின் மறந்துபோகிறது. அதன் சத்தம் வழக்கமான சத்தம், அதனால் காதில் விழுவதே இல்லை. லாஸ் வேகாஸில் கேப்டன் வெளியேற்றப் பட்டியலை அச்சிட்ட தாளைப் பார்த்துப் படித்திருந்தால் இந்தத் தாமதம் வந்திருக்காது என்பதே அமெரிக்க விசாரணை வாரியம் சுட்டிய குறை. நீண்ட அனுபவம் உள்ள கேப்டனுக்கே மனப்பாடம் கைவிட்டது என்றால் மற்றவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

எனவே வரிசை இதுதான். முதலில் தீ எந்த இன்ஜினில் என்று உறுதிசெய்து அதற்கான மனப்பாடப் படிகள். தீ அணையவில்லை, கோபுரமோ தீயணைப்பு வண்டியோ தீ தெரிகிறது என்கிறது, அல்லது கேபினில் புகை என்றால் உடனே வெளியேற்றப் பட்டியல், தாளைப் பார்த்து, சத்தமாகப் படித்து. விமானத்துக்கு விமானம் அதன் வரிகள் மாறும், ஆனால் சாரம் ஒன்றே: பிரேக் போட்டிருக்கிறதா, கேபின் அழுத்தம் போயிற்றா, எல்லா இன்ஜினும் நிறுத்தமா, இன்ஜினுக்குப் போகும் எரிபொருளை அடைக்கும் தீக் கைப்பிடிகள் இழுத்தாயிற்றா. அதற்குப் பிறகுதான் 'வெளியேறுங்கள்' என்ற சொல். கேபின் ஊழியர்களுக்கு ஒரு வேலை: கதவைத் திறப்பதற்கு முன் சன்னல் வழியே அந்தப் பக்கம் தீயா, இன்ஜின் ஓடுகிறதா என்று ஒரு பார்வை.

எட்டாம் படி: வெளியேற்றாமல் இருப்பதும் ஒரு முடிவு

எல்லா நிறுத்தமும் சறுக்கில் முடிய வேண்டியதில்லை. தீ இல்லை, சர்ஜ் மட்டும், இன்ஜினை அணைத்தாயிற்று, வெளியிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் பயணிகளை உட்காரச் சொல்வதுதான் சரி. சறுக்கில் இறங்குவது விளையாட்டுத் திடல் சமாச்சாரம் அல்ல. கணுக்கால் உடையும், முட்டி சிராய்க்கும், வயதானவர்களுக்கு இன்னும் மோசம். தீயணைப்பு வண்டி சுற்றி வந்து பார்த்துச் சொல்லட்டும். சந்தேகம் என்றால் வெளியேற்று; சந்தேகமே இல்லை என்றால் உட்காரவை.

அப்புறம் பிரேக் சூடு. அதிவேகத்தில் நிறுத்திய சக்கரங்களின் வெப்பம் நின்ற உடனே உச்சத்துக்குப் போகாது, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் போகும். சக்கரத்தில் இருக்கும் உருகு அடைப்பான்கள் உருகி டயரின் நைட்ரஜனை மெல்ல வெளியே விடும், வெடிக்காமல் இருக்க. அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் சக்கரத்தின் பக்கவாட்டில் நிற்காமல் முன்னாலோ பின்னாலோ இருந்து அணுகுகிறார்கள். விமானத்துக்குச் சான்றிதழ் தரும்போது தேய்ந்த பிரேக்கோடு முழு எடையில் நிறுத்திக் காட்டி, ஐந்து நிமிடம் யாரும் தண்ணீர் அடிக்காமல் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். குறைந்த வேகத்தில் நிறுத்தியிருந்தாலும் 'சரி, திரும்பிப் போய் இன்னொரு முறை முயல்வோம்' என்று உடனே கிளம்ப முடியாது, பிரேக் ஆறும் நேரத்துக்கு ஒரு அட்டவணை உண்டு.

விதிவிலக்கு ஒன்று

வி-1-க்கு மேல் நிறுத்தக் கூடாது என்று இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 2017 மார்ச் 8, மிச்சிகனில் வில்லோ ரன். ஒரு எம்.டி-83, மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி உட்பட 116 பேர். நிறுத்தி வைத்திருந்தபோது அடித்த பலத்த காற்றில் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டர் சிக்கிக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியாது. வி-1 139 நாட், அதைத் தாண்டி மூக்கைத் தூக்க இழுத்தார் விமானி. மூக்கு எழவே இல்லை. அவர் நிறுத்தினார். பக்கத்தில் அவரைச் சோதிக்க உட்கார்ந்திருந்த மூத்த விமானி கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. விமானம் ஓடுபாதை தாண்டி ஓடியது, ஒருவருக்கு லேசான காயம், அவ்வளவுதான். பறக்கவே பறக்காத விமானத்துக்கு வி-1 பொருந்தாது. ஆனால் இன்ஜின் ஒன்று போனது அந்த வகை இல்லை.

பயணிக்கு

உங்கள் வரிசையிலிருந்து முன்னாலும் பின்னாலும் உள்ள கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், புகையில் கண் தெரியாது. திடீர் பிரேக்கில் தலை முன்னால் போகும், பெல்ட்டை இடுப்பில் தாழ்வாக இறுக்கிப் போடுங்கள். நின்ற பிறகு எழுந்து நிற்காதீர்கள், அறிவிப்பு வரும் வரை. தீ தெரிந்தால் ஊழியரிடம் எந்தப் பக்கம் என்று கத்திச் சொல்லுங்கள், வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். லாஸ் வேகாஸிலும் சிகாகோவிலும் பலர் பையோடு இறங்கினார்கள். விமானம் முழுவதையும் பாதிக் கதவுகள் வழியாக 90 விநாடியில் காலி செய்ய முடியும் என்று காட்டித்தான் சான்றிதழ் வாங்குகிறார்கள், அந்தக் கணக்கில் யாரும் கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதில்லை. சறுக்கில் இறங்கியதும் இன்ஜினுக்கு முன்னாலோ பின்னாலோ ஓடாமல், விமானத்தை விட்டு விலகி, ஊழியர் கை காட்டும் பக்கம் ஓடுங்கள். அந்த இன்ஜின் அணைந்துவிட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.